போல்ட் போகும் இடம்: ஒரு தேனடைத் தரையின் நாட்குறிப்பு

மார்ச் 2

பெட்டியைத் திறந்ததும் தம்பி கேட்டான்: "அண்ணா, இவ்வளவுதானா?"

நாங்களே கட்டும் காரின் தரைக்காக வாங்கிய அலுமினியத் தேனடை, அதாவது தேன்கூடு போல அறை அறையான அலுமினியம், விரிக்காமல்தான் வந்திருக்கிறது. பார்க்க 20 மி.மீ. உயரமுள்ள ஒரு கனத்த பட்டை, அவ்வளவுதான். மெல்லிய அலுமினியத் தாள்களில் கோடு கோடாகப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, அந்தக் கட்டையிலிருந்து சீவி எடுத்த துண்டு இது. இழுத்தால் பசை இல்லாத இடமெல்லாம் பிரிந்து அறுகோணமாகத் திறக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஒரு ஓரத்தில் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டேன், அங்கே அறைகள் செவ்வகமாகிவிட்டன. அந்த ஓரத்தை வெட்டித் தள்ளிவிடலாம்.

காரின் தரைக்கு வேண்டிய 1.3 சதுர மீட்டரும் தராசில் 1.4 கிலோ. தம்பி அதை ஒரு விரலில் தூக்கிக் காட்டினான். அடுத்து அதன் ஓரத்தை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினான், அப்படியே மடங்கியது. "இதுமேலயா உட்காரப் போற?"

மார்ச் 4

அவனுக்காக ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு தகட்டை இரண்டு மெல்லிய தகடுகளாகப் பிரித்து, நடுவில் பழைய தகட்டின் தடிமனுக்கு இடைவெளி விட்டு, அதைத் தேனடையால் நிரப்பினால், வளையாத விறைப்பு 7 மடங்கு. மொத்தத் தடிமன் நான்கு மடங்காகும்வரை இடைவெளியைக் கூட்டினால் 37 மடங்கு. 4-இன் கனம் 64, 3-இன் கனம் 27, கழித்தால் 37. வேறு மாயம் ஒன்றும் இல்லை. வளையும்போது மேல்தகடு அமுங்குகிறது, கீழ்த்தகடு இழுபடுகிறது. இரண்டும் விலகி நிற்கும் தூரம்தான் விறைப்பு. நடுவில் இருக்கும் தேனடைக்கு வேலை, அந்த இரண்டும் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு போகாமல் பிடித்திருப்பது.

என் பலகையில் மேலும் கீழும் 0.7 மி.மீ. தகடு, நடுவே 20 மி.மீ. தேனடை. இதே விறைப்பு வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 12 மி.மீ. முழு அலுமினியத் தகடு போட வேண்டும். அது சதுர மீட்டருக்கு 32 கிலோவுக்கு மேல். என்னுடையது பசையோடு சேர்த்து 5.5 கிலோ.

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 9

மழை. ஒட்டுகிற வேலை இல்லை, பழைய கதைகளைப் புரட்டினேன்.

1966-இல் மெக்லாரனின் முதல் ஃபார்முலா 1 கார், எம்2பி, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்ற இலேசான மரத்தை வைத்த பலகையில் கட்டப்பட்டது. மரத்தின் நார் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி வெட்டியிருப்பார்கள். தேனடையும் அதே யோசனைதான், மரத்துக்குப் பதில் காற்று. அதே ஆண்டு ஃபோர்டின் ஜே-கார், முழுக்க அலுமினியத் தேனடை உடல். ஆகஸ்டில் ரிவர்சைடு தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது அது நொறுங்கி, அதை ஓட்டிய கென் மைல்ஸ் இறந்தார். அதன்பின் வந்த மார்க் 4-இல் உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு வைத்தார்கள். 1967-இல் ஓட்டுநர்கள் கர்னியும் ஃபாய்ட்டும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது அந்தக் காரில்தான்.

1981-இன் மெக்லாரன் எம்பி4/1 கார்பன் இழைத் தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தேனடை வைத்தது. மொன்சா பந்தயத்தில் ஓட்டுநர் ஜான் வாட்சன் அதைக் கொண்டுபோய் மோதி, கார் இரண்டாகப் பிய்ந்தும் இறங்கி நடந்தார். சாலைக் கார்களில் ஜாகுவார் எக்ஸ்ஜே220-இன் சேசிஸ் (அடிச்சட்டம்) ஒட்டிய அலுமினியத் தேனடை.

இதையெல்லாம் படித்த பிறகும் என் காரின் குழாய்ச் சட்டத்தை நான் எடுக்கப் போவதில்லை. தரைக்கும் பின்சுவருக்கும் மட்டும் தேனடை. சீட் பெல்ட் குழாயில்தான் மாட்டும், பலகையில் அல்ல.

மார்ச் 13

சோதனைத் துண்டுகள். இரண்டு தாங்கிகளுக்கு நடுவே வைத்து, நடுவில் ஜாக்கியால் அழுத்தினோம்.

முதல் துண்டு ஏமாற்றியது. அழுத்திய உருளை மெல்லியது, அதன் அடியில் தேனடை நசுங்கி மேல்தகட்டில் பள்ளம் விழுந்தது. பலகை வளையவே இல்லை. அடியில் அகலமான கட்டை வைத்தபின்தான் உண்மையான முறிவு தெரிந்தது. அதிலும் திசைக்குத் திசை வேறுபாடு. தாள்கள் ஓடும் திசையில் வெட்டிய துண்டு நன்றாகத் தாங்கியது, குறுக்கே வெட்டியது அறைகள் சாய்ந்து வெகு முன்பே விட்டுவிட்டது. குறுக்குத் திசையில், தகடுகள் வழுக்காமல் பிடித்திருக்கும் வலிமை ஏறக்குறைய பாதிதான் என்று அட்டவணையில் பார்த்திருக்கிறேன். அட்டவணையில் பார்ப்பதும், துண்டு கையில் படக்கென்று விடுவதும் ஒன்றல்ல. விரித்த தேனடையின் மேல் திசையைச் சிவப்பு மார்க்கரால் பெரிதாக அம்புக்குறி போட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 17

ஒட்டிய நாள். பலகையின் உயிர் பசையில் என்றால் பசையின் உயிர் சுத்தத்தில். கரைப்பானால் எண்ணெய் போகத் துடைத்து, உரசி, மறுபடி துடைத்து, தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, ஒரே படலமாக நின்றால் சரி. மூன்றாவது தடவைதான் படலமாக நின்றது. காய வைத்து உடனே ஒட்டிவிட வேண்டும், அலுமினியம் காத்திருக்காது.

எப்பாக்ஸிப் பசையைப் பல் வைத்த கரண்டியால் சீராகத் தடவினோம். அது ஒவ்வொரு அறைச் சுவரிலும் கொஞ்சம் ஏறி, அடியில் ஒரு சிறு வளைவாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வளைவில்தான் ஒட்டே இருக்கிறது, ஏனென்றால் சுவர் காகித மெலிவு. கடைசி மூலைக்கு வரும்போது பசை கெட்டிப்படத் தொடங்கியிருந்தது. தம்பி நிமிர்ந்து பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை.

பலகையைக் காற்றுப் புகாத பையில் போட்டு, காற்றை உறிஞ்சும் பம்பை ஓட்டினோம். 0.9 பார் வெற்றிடம் என்றால் 1.3 சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 12 டன். காற்றுதான் அழுத்துகிறது, அதனால் எங்கும் ஒரே சீர். ஆனால் அதே காற்று பக்கத்திலிருந்தும் அழுத்தும், தேனடையோ பக்கவாட்டில் இரண்டு விரலுக்கே மடங்குகிற சங்கதி. சுற்றிலும் அலுமினியச் சட்டம் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

மார்ச் 18

காலையில் பையைப் பிரித்து, பலகையை இரு முனைகளில் தாங்க வைத்து நடுவில் நின்றேன். தம்பியும் ஏறினான். எதுவும் நடக்கவில்லை. இருவரும் குதித்தோம்.

மார்ச் 24

இன்று பலகையைக் கெடுத்தேன். சீட் தண்டவாளத்துக்கு 8 மி.மீ. போல்ட், வழக்கமான 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு. வாஷர் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டே போனது. முறுக்கு ஏறவே இல்லை. அப்போதுதான் உறைத்தது, அந்தத் துளைக்குள் புஷ் (போல்ட்டின் இறுக்கத்தைத் தாங்கும் உலோகக் குழல்) வைக்க மறந்துவிட்டேன்.

கணக்கு எளிது, முன்பே போட்டிருக்கலாம். அந்த முறுக்கில் போல்ட் சுமார் ஒன்றரை டன் விசையோடு இறுக்கும். தேனடை சதுர சென்டிமீட்டருக்கு 20, 25 கிலோவுக்கு மேல் தாங்காது. வாஷரின் கீழ் இருப்பது 4 சதுர சென்டிமீட்டர், அதாவது 100 கிலோ. ஒன்றரை டன்னுக்கு 100 கிலோ!

நசுங்கிய இடத்தை 30 மி.மீ. வட்டமாகக் குடைந்து எடுத்து, கண்ணாடி நுண்குமிழ் கலந்த எப்பாக்ஸியால் நிரப்பி, நடுவில் அலுமினிய புஷ் வைத்தேன். மீதி 35 துளைகளில் செய்ததும் இதேதான். ஒன்றுக்கு 25 கிராம் என்றால் மொத்தம் 900 கிராம். சுற்றுச் சட்டம் தனி. தேனடை இலேசுதான், அதில் ஏதாவது ஒன்றை மாட்ட வேண்டும் என்று நினைக்கும்வரை.

மார்ச் 30

காரின் தரை நடுவே மேடாக ஓடும் சுரங்கப்பாதைக்கான மூடியை வளைக்க முயன்றேன். ஒரு பக்கம் வளைத்தால் தேனடை மறுபக்கம் எதிர்த்திசையில் வளைந்து குதிரைச் சேணம் போல நிற்கிறது. அறுகோணத்தின் குணம் அது. செவ்வக அறைகள் அப்படிச் செய்யாது. மார்ச் 2-இல் தவறுதலாக அதிகம் இழுத்து வெட்டி எறிந்த ஓரம் நினைவுக்கு வந்தது. குப்பையில் தேடினேன், போய்விட்டது.

மூடிக்கு கார்பன் போடலாம் என்றான் தம்பி. அலுமினியத் தேனடைமேல் நேராக கார்பன் வைத்தால் ஈரத்தில் அலுமினியம் அரித்துவிடும், நடுவில் ஒரு கண்ணாடியிழை அடுக்கு வேண்டும். மூடியைத் தட்டையான மூன்று துண்டாகச் செய்யலாம் என்று முடிவு.

ஏப்ரல் 3

தரைப்பலகையின் எடை 9.3 கிலோ. 1.2 மி.மீ. இரும்புத் தகடாக இருந்தால் 12 கிலோ சொச்சம். மூன்று கிலோவுக்கா இத்தனை பாடு என்று தம்பி கேட்கவில்லை, கேட்டிருக்கலாம். நான் வாங்கியது எடைக் குறைவை அல்ல, விறைப்பை. இரும்புத் தகட்டின் மேல் இருவரும் குதித்திருக்க முடியாது.

மாட்டும் முன் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டினோம். ஒட்டிய இடம் கணீர் என்கிறது. வலப்பக்கக் கடைசி மூலையில் உள்ளங்கை அளவுக்கு மந்தமான சத்தம். பசை கெட்டிப்பட்ட அதே மூலை.

ஏப்ரல் 5

அந்த இடத்தில் 2 மி.மீ. துளைகள் நிறைய போட்டு சிரிஞ்சால் எப்பாக்ஸி ஏற்றினோம். அறைகள் ஒவ்வொன்றும் தனித்தனி, ஒரு துளை போதாது. மேலே பாரம் வைத்து இரவு முழுக்க விட்டதில் சத்தம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. முக்கால்வாசிதான். பேட்டரி தாங்கி அங்கேதான் வருவதாக வரைந்திருந்தேன். இடப்பக்கத்துக்கு மாற்றி வரைந்துவிட்டேன். வயர் 60 சென்டிமீட்டர் கூடும்.