ஆரின்ர கிடங்கு?

“அப்ப இது ஆரின்ர கக்கூசுக் கிடங்காலை வந்தது? அதையும் இதிலை எழுதித் தாங்கோ.”

எங்கள் ஆய்வுகூடம் கொடுத்த கிணற்றுத் தண்ணீர் அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைக்கப் போன அந்த அம்மா, வைக்காமல் திரும்பவும் மேசையில் விரித்துவிட்டுத்தான் இதைக் கேட்டார். நைத்திரேற்று என்று எழுதியிருந்த வரியில் அவருடைய விரல் இருந்தது. “அப்பிடி எழுத ஏலாது அம்மா” என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “உங்களுக்குத் தெரியும் பிள்ளை. சொல்ல மாட்டியள்.” கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். அவர் கோபப்படவில்லை.

அவர் நைத்திரேற்றுக்காக வரவே இல்லை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது, பேரப்பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் கல் வந்துவிடுமோ என்று பயந்து வந்தவர். கைத்தொலைபேசியில் அந்தக் கேத்தலைப் படம் பிடித்து வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பயம்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருகிற தண்ணீர் கேத்தலில் படியாமல் எங்கே போகும்? அதைச் சொல்லி ஆறுதல்படுத்தி அனுப்புவது எங்களுக்குப் பழகிய வேலை. ஆனால் வருகிற தண்ணீருக்கெல்லாம் நைத்திரேற்றும் பார்க்கிறோம். கழிவாலும் உரத்தாலும் தண்ணீரில் கரைந்து சேருகிற உப்பு அது. பத்து மில்லிலீற்றரைச் சின்னக் குப்பியில் எடுத்து, தூளைக் கொட்டி, ஒரு நிமிடம் குலுக்கி, ஐந்து நிமிடம் விட வேண்டும். நைத்திரேற்று இல்லாவிட்டால் நிறம் மாறாது. இருந்தால் தேயிலைச் சாயம்போல மஞ்சளும் பழுப்புமாக ஏறும். அவருடைய குப்பியைக் கருவிக்குள் வைக்க முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவி நைதரசனாகக் காட்டுவதை 4.43ஆல் பெருக்கினால்தான் நைத்திரேற்றுக் கணக்கு வரும். பெருக்கிப் பார்த்தேன், 70ஐத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனமும் நம் நாட்டுக் குடிநீர் நியமமும் வைத்திருக்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். ஐந்து மாதப் பேரன். மகள் வேலைக்குத் திரும்பிவிட்டார், பகலில் இவர்தான் பால்மா கரைத்துக் கொடுக்கிறார்.

“கொதிக்க வைச்சுத்தான் பிள்ளை குடுக்கிறம். ஒரு நாளும் பச்சைத் தண்ணி குடுக்கிறேல்லை.”

அதை அவர் பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமையை உடைக்க வேண்டியிருந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் அளவு ஏறத்தான் செய்யும். பீங்கான் திரி வைத்த சாதாரண வடிகட்டியிலும் அது நிற்காது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறி இரத்தத்துக்குப் போனால், இரத்தம் ஒட்சிசனைக் காவுகிற வேலையைச் செய்ய முடியாமல் போகும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு மருத்துவர் கிணற்று நீரில் பால் கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். 50 என்ற எல்லையே அந்தக் குழந்தைகளை நினைத்து வைத்ததுதான். இவ்வளவையும் நான் அவரிடம் சொல்லவில்லை. “இந்தத் தண்ணியிலை பால்மா கரைக்காதேங்கோ, இண்டையிலிருந்து வேறை தண்ணி எடுங்கோ, பிள்ளையை ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, இயலுமெண்டா தாய்ப்பாலைக் கூட்டுங்கோ” என்று மட்டும் சொன்னேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகு வந்த கேள்வியில்தான்.

பக்கத்துக் காணிக்காரர் போன வருடம் மாடி வீடு கட்டி, எல்லை வேலியை ஒட்டிப் புதுக் கக்கூசுக் கிடங்கு வெட்டினாராம். இவருடைய கிணறு வேலிக்கு இந்தப் பக்கம். இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. என் அறிக்கையில் ஒரு வரி இருந்தால் பிரதேச சபைக்கும் மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம் என்று அவர் நினைத்தார். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“உங்கட கிடங்கு எங்கை இருக்கு அம்மா?”

“அது வீட்டுக்குப் பின்னாலை. அது பழசு, அது ஒண்டும் செய்யாது.”

இரண்டு பரப்புக் காணி. வீடும் கிணறும் போக மிச்சத்தில் பழைய கிடங்கு கிணற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க முடியும் என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். ஐம்பது அடி விட வேண்டும் என்று சொல்வார்கள். விடுவதற்குக் காணி வேண்டுமே. போதாததற்கு, ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வெங்காயத் தோட்டம் என்றும் சொன்னார். வெங்காயத்துக்கு எவ்வளவு யூரியா போடுவார்கள், எத்தனை தரம் இறைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவும் தோட்டம் செய்தவர்தான்.

இப்போது யார் பெயரை எழுதுவது? யூரியாவிலிருந்து வந்த நைத்திரேற்றும் கிடங்கிலிருந்து வந்த நைத்திரேற்றும் என் குப்பியில் ஒரே நிறம்தான். நைதரசன் சமதானியை, அதாவது எடையில் வேறுபடுகிற நைதரசன் அணுக்களை, பார்த்து ஓரளவு பிரித்துச் சொல்லலாம், அதற்கான கருவி எங்களிடம் இல்லை. கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டுகிற கோலிபோம் கிருமியும் இருந்தது. ஆனால் எங்கள் பக்கக் கிணறுகளில் கோலிபோம் இல்லை என்றால்தான் புதினம். எங்கள் நிலமும் லேசான நிலம் இல்லை. மேலே மெல்லிய செம்மண், கீழே வெடிப்பும் பொந்துமாகச் சுண்ணாம்புக் கல். மணலாக இருந்தால் தண்ணீர் ஊறி ஊறி வடிந்து வரும். இங்கே அது வெடிப்புக்குள் விழுந்து ஓடுகிறது. இருபது அடியில் இருக்கிற கிடங்கு கிணற்றுக்கு வராமலே போகலாம், எங்கோ இருக்கிற கிடங்கு நேரே வந்து சேரலாம். இதெல்லாம் உண்மை. எவரும் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், எழுத்திலும் கொடுப்பேன்.

ஆனால் அந்த நேரத்தில் “எழுத ஏலாது” என்று என் வாயில் வந்தது இந்த விஞ்ஞானத்தால் மட்டும்தானா? மத்தியஸ்த சபை என்ற சொல்லைக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லைக் கதியாலுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் எங்களுடையது. அந்த வழக்குக்குள் ஒரு ஆய்வுகூடத் தாள் போய் விழுந்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. அந்தப் பயமும் இருந்தது. பயத்தோடு சேர்ந்து வந்ததால் உண்மை பொய்யாகிவிடுமா என்று கேட்டுப் பார்க்கிறேன். ஆகாது. ஆனாலும் அவர் என் முகத்தில் பார்த்தது அந்தப் பயத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

கூட வேலை செய்கிற அண்ணையிடம் சொன்னேன். “நீ சொன்னதுதான் சரி. நாங்கள் தண்ணிக்கு ரிப்போட் குடுக்கிறம், காணிக்கு இல்லை” என்றார். அவர் சொன்னதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஒரு தோட்டக்காரர் வந்தார். புகையிலைத் தோட்டத்துக் கிணறு, வீட்டுக்கும் அதே தண்ணீர்தான். முடிவு எல்லையைத் தாண்டியிருந்தது. காரணம் கேட்டார். “உரம்தான் ஐயா, வேறை என்ன” என்று உடனே சொன்னேன். சமதானி, வெடிப்பு, பொந்து ஒன்றும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அவருடைய வீட்டுக் கிடங்கு எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அவர் எதிர்த்துப் பேசவில்லை. “2021இலை உரத்தை ஒரேயடியா நிப்பாட்டிப்போட்டு எங்களைத் தெருவிலை விட்டவை. இப்ப நீங்கள் எங்களாலை தண்ணி பழுது எண்டுறியள். நாங்கள் என்னதான் செய்யிறது?” என்று மட்டும் கேட்டார். அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்த அந்த வருடம் அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போடச் சொன்னேன், பெருமழைக்கு முன்னால் போட வேண்டாம் என்றேன், எருவைக் கூட்டச் சொன்னேன். எல்லாம் நல்ல அறிவுரைதான். அவர் போன பிறகுதான் உறைத்தது. அவரிடம் காரணம் சொல்ல எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. அவருடைய கிணறு, அவருடைய தோட்டம், அவருடைய உரம், வேலிக்கு அந்தப் பக்கம் வழக்குக்கு வர எவரும் இல்லை. வேலி ஒன்று குறுக்கே நின்றால் ஆதாரம் கேட்கிறேன், இல்லாவிட்டால் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அப்படியானால் அந்த அம்மா சொன்னதில் ஏதோ இருக்கிறது.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலம் அடிக்கடி ஞாபகம் வருகிறது. எவருக்கும் ஆய்வுகூடம் தேவைப்படவில்லை. வாளியில் அள்ளினால் மணத்தது, மேலே படலம் தெரிந்தது. சனம் போத்தல்களோடு தெருவில் இறங்கியது, பவுசரில் தண்ணீர் வந்தது, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் 2019இல் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது. அந்த எண்ணெய்க்குப் பின்னால் விரல் நீட்ட ஒரு இடம், அங்கிருந்த மின் நிலையம், இருந்தது. நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. “எங்கட கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி குடிச்சுப் பாருங்கோ” என்று பெருமைப்படுகிற வீடுகளிலும் இருக்கிறது. ஆறு இல்லாத குடாநாடு இது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும். மாரியில் விழுகிற மழை நிலத்துக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உவர் நீருக்கு மேல் ஒரு படையாக நிற்கிறது. குடிப்பதும் அதிலிருந்துதான், இறைப்பதும் அதிலிருந்துதான், கிடங்குகளை வெட்டி விட்டிருப்பதும் அதற்கு மேல்தான். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தார்கள், குழாய் வருகிற இடங்களில் குடிப்பதற்கு அது உதவும். அதற்காகக் கிணற்றைக் கைவிட முடியாது. கைவிட்ட கிணற்றுக்கு என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறேன். குப்பை கொட்டத் தொடங்குவார்கள், அங்கே கொட்டியது அடுத்த மாரிக்கு எல்லோருடைய கிணற்றுக்கும் போகும். அடிப்பாகம் பூசாத கிடங்குகளை ஒவ்வொன்றாக மூடி, ஒழுங்கான தொட்டிகளாக மாற்றி, நிரம்பியதை ஏற்றிக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்க ஒரு ஏற்பாடு வராமல் எங்கள் அறிக்கைகளால் எதுவும் மாறாது. இது தனி ஆள் செய்யக்கூடியது இல்லை. ஒரு வீடு மட்டும் தொட்டி கட்டினால் அந்த வீட்டுக் கிணறு திருந்தும் என்றுகூடச் சொல்ல முடியாது.

என்னைக் கூடுதலாகக் குடைவது பக்கத்து வீடு. அந்த மாடி வீட்டுக்காரர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களுடைய கிணறு இவருடையதைவிட மோசமாகவும் இருக்கலாம். அங்கேயும் குழந்தை இருக்கலாம். “அவையளின்ர தண்ணியையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோவன்” என்று அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “நாங்கள் கதைக்கிறேல்லை” என்றார், அதோடு முடிந்தது. காசு கட்டியவருக்குத்தான் அறிக்கை, மற்றவருக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் நடைமுறை. அது நியாயமானதும்தான். எல்லோருக்கும் சொல்லித் திரிவோம் என்று தெரிந்தால் ஒருவரும் தண்ணீர் கொண்டு வர மாட்டார்கள். ஆனால் ஒருவருடைய இரத்தப் பரிசோதனையும் ஒரு கிணற்றின் பரிசோதனையும் ஒன்றா? அந்த அம்மாவின் போத்தலில் இருந்தது அவருடைய தண்ணீர் மட்டும் இல்லையே.

கடைசியில், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அழைப்பு எடுத்தேன். வீட்டையும் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை. ஒழுங்கையை மட்டும் சொல்லி, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக் கிணறுகளையாவது ஒருமுறை பாருங்கள் என்றேன். இது நடைமுறைக்கு உட்பட்டதா என்று கேட்டால், விளிம்பில் நிற்கிறது. அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. ஒழுங்கை என்று சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்றார். அதுவும் சரிதான். பரிசோதகர் நல்ல மனிதர், ஆனால் டெங்குக் காலம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. பார்க்கிறேன் என்றார்.

இப்போது எல்லை தாண்டிய அறிக்கை ஒவ்வொன்றின் கீழும் “கொதிக்க வைப்பதால் இது குறையாது” என்று கையால் எழுதிக் கொடுக்கிறேன். காரணம் எழுதுவதில்லை. தோட்டக்காரர்களிடமும் இப்போது உடனே உரம் என்று சொல்வதில்லை, அவர்களுடைய கிடங்கு எங்கே என்று கேட்கிறேன். அப்படிக் கேட்பது நியாயத்துக்காகவா, காரணம் சொல்லாமல் தப்புகிற இடத்தை இன்னும் அகலமாக்கிக்கொள்ளவா என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை.

பரிசோதகரிடமிருந்து இன்னும் மாதிரி எதுவும் வரவில்லை. வருகிற கிழமை திரும்பவும் அழைக்கப் போகிறேன். “எந்த வீடு பிள்ளை, அங்கை முதல்லை போறன்” என்று அவர் கேட்பார், கேட்டால்தான் வேலையும் நடக்கும். கேட்டால் சொல்வதா என்று நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்தப் பேரனுக்கு இந்நேரம் ஆறு மாதம் முடிந்திருக்கும். மாடி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.