ஒரே தாள், இரண்டு நிறம்

கலையும் வடிவமைப்பும் படிக்கச் சேர்ந்தபோது, நன்றாக வரைவேன் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. போர்ட்ஃபோலியோ முழுக்க முகங்கள், எல்லாம் புகைப்படத்தைப் பார்த்து முடி முடியாக இழைத்தவை. முதல் செமஸ்டரில் அதை யாரும் சீண்டவே இல்லை. வகுப்புக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, இதை வரையாதே, இதன் கால்களுக்கு இடையே தெரிகிற வெற்றிடத்தை மட்டும் வரை என்றார்கள். மூன்று மணி நேரம் போனது. வந்தது நாற்காலி மாதிரியும் இல்லை, வெற்றிடம் மாதிரியும் இல்லை.

அதைவிட என்னைப் படுத்தியெடுத்தது வண்ணத்தாள் பயிற்சிதான். ஒரே தாளிலிருந்து இரண்டு சின்னச் சதுரங்கள் வெட்டி வேறு வேறு பின்னணியில் ஒட்ட வேண்டும், பார்க்கிறவருக்கு அவை இரண்டு தனித்தனி நிறமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பெயிண்ட் கூடாது, பெயிண்ட் என்றால் துளி கலந்து ஏமாற்றிவிடலாமே! ஜோசப் ஆல்பர்ஸ் பிரபலமாக்கிய பயிற்சி இது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர், 1933-இல் அது மூடப்பட்டதும் அமெரிக்கா போய், 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் தாள் வெட்ட வைத்தார். இரண்டு ராத்திரி அவரைத் திட்டிக்கொண்டே வெட்டினேன். சாம்பல் சதுரத்தை மஞ்சள் மேல் வைத்தால் லேசாக நீலம் பாய்ந்த மாதிரி, நீலத்தின் மேல் வைத்தால் கொஞ்சம் பழுப்பேறிய மாதிரி தெரியும், ஆனால் வித்தியாசம் போதவில்லை. ஒரு பின்னணி நல்ல வெளிர், இன்னொன்று நல்ல அடர்த்தி, சதுரம் இரண்டுக்கும் நடுவில் என்று மாற்றிய பிறகுதான் வேலை செய்தது.

இதே சிக்கல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிஸின் கோபெலின் நெசவாலையில் வந்திருக்கிறது. கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று புகார். சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் பரிசோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டியிருக்கின்றன. 1839-இல் இதைப் பற்றித் தடியாக ஒரு புத்தகமே வெளியிட்டுவிட்டார் மனுஷன். (மென்பொருள் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் படிப்பு என்று நினைத்து வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மென்பொருளுக்கு யூடியூப் போதும்.)

அப்புறம் கிரிட்டிக். எல்லாருடைய வேலையையும் சுவரில் ஒட்டி, வரிசையாக நின்று பேச வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது, ஏன் என்று கேட்பார்கள். என் முறை வந்தபோது வகுப்பில் ஒருத்தன், இது ஒரே தாள் இல்லை, இரண்டு தாள் என்று அடித்துச் சொன்னான். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்! நிரூபிக்கிற வேகத்தில் ஒரு சதுரத்தை உரித்து மற்றதன் பக்கத்தில் வைத்தேன், பின்னணித் தாளும் மூலையோடு கிழிந்து வந்தது. கிழிசலோடுதான் மதிப்பெண் போட்டார்கள், ஒட்டுவேலை சுத்தமில்லை என்று இரண்டு மார்க் குறைத்து.