கூடையோடு ஏறியவர்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் எடுத்து, உள்ளூர்களுக்கு விற்கப் போகும் பெண்கள் பலர் லோடு ஆட்டோவில்தான் போகிறார்கள். ஈரக்கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரோடு தகராறு. அந்த வண்டி கவிழ்ந்து அடிபட்டால், அவர்களுடைய இழப்பீட்டு வழக்கு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: முதல் தகவல் அறிக்கையில் மீன் கூடை இருக்கிறதா?

சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிக்கொண்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது. உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 147வது பிரிவில் 1994-இல் வந்த திருத்தப்படி, சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ அதே வண்டியில் வந்தால் பாதுகாப்பு உண்டு. "லோடு ஆட்டோவில் பயணம் செய்த பெண்கள்" என்று மட்டும் எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்தால் கம்பெனி வக்கீலுக்கு வேலை முடிந்தது. "விற்பனைக்காகத் தங்கள் மீன் கூடைகளுடன்" என்ற நாலு வார்த்தை இருந்தால் வழக்கு நிற்கும். அப்போதும் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, "கேபினில் உட்கார்ந்தீர்களா, பின்னால் நின்றீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். சரக்கின் சொந்தக்காரர் கேபினில் இருந்தால்தான் பாதுகாப்பு என்று தீர்ப்பு இருக்கிறது.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலுக்குக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிவரும் அதே வகை வண்டியில் கூடை கிடையாது, சீர்வரிசைத் தட்டுதான். அந்தக் குடும்பங்களிடம் உண்மையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: இழப்பீடு வண்டிக்காரரிடம்தான் வசூலாகும், அவரிடம் அந்த வண்டியைத் தவிர ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

எஃப்.ஐ.ஆருக்கும் முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் எழுதும் விபத்துப் பதிவேடு, எல்லோரும் சொல்கிற ஏ.ஆர். காப்பி. அடிபட்டவர் நினைவில்லாமல் கிடக்கிறார். தூக்கிவந்த மச்சானிடம் டியூட்டி டாக்டர் கேட்கிறார், "எப்படிப்பா ஆச்சு?" "வண்டியிலேருந்து வுழுந்துட்டாரு சார்." டாக்டர் அதை அப்படியே எழுதுகிறார். பின்னால் லாரி இடித்ததை மச்சான் மறைக்கவில்லை. பதற்றத்தில் கண்ணில் பட்ட கடைசிக் காட்சியைச் சொன்னார். இரண்டு வருஷம் கழித்து அந்த ஒரு வரியை வைத்துக் கம்பெனி, "இவர் தானாக விழுந்தவர், எங்கள் வண்டி மோதவே இல்லை" என்று வாதாடும். கம்பெனியின் புலனாய்வாளர் முதலில் வாங்குவதே இந்தக் காப்பியைத்தான். அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: எந்த வண்டி மோதியது, எண் தெரியுமா, எந்த இடம். உள்ளதைச் சொன்னால் போதும். கூட்டிச் சொன்னால் அதுவும் கெடுக்கும்.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்பும்போது அங்கே கோரிமேட்டில் இன்னொரு பதிவு விழும். இரண்டிலும் விவரம் ஒன்றுபோல இல்லையென்றால் அதற்குத் தனி விளக்கம் வேண்டும். மருத்துவமனைத் தகவல் மாநில எல்லையைத் தாண்டி இந்தப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு வந்துசேர நாளாகும். எஃப்.ஐ.ஆர் தாமதமானது என்பதாலேயே வழக்கைச் சந்தேகிக்கக் கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ரவி வழக்கில் சொன்னது, எல்லையோரத்துக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். விபத்து கன்னியக்கோயிலிலோ கிருமாம்பாக்கத்திலோ நடந்து புதுச்சேரி போலீஸ் வழக்குப் போட்டிருந்தாலும், குடியிருப்பு கடலூரில் என்றால் கடலூரில் உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(2) பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. மனுவுக்குக் கெடு விபத்து நடந்ததிலிருந்து 6 மாதம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்; அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இந்த வேலையில் பாதி நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கிறது. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம் போன்ற ஊர்களில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே தெருக்காரர்களாக இருப்பார்கள். ஊர் பஞ்சாயத்து கூடும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒரு தொகை பேசி, இருபது ரூபாய் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி, "கேஸ் வேண்டாம், நம்ம பையன்" என்று முடிப்பார்கள். அந்தப் பேச்சில் அன்பும் இருக்கிறது, அறியாமையும் இருக்கிறது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருந்தால் இழப்பீட்டைக் கம்பெனிதான் கட்டும், பக்கத்து வீட்டுப் பையன் இல்லை என்பதைப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்கிற வக்கீல் அந்த ஊருக்கே நல்லது செய்கிறார். ஆனால் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பையனிடம் லைசென்ஸ் இல்லையென்றால், கம்பெனி முதலில் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம். கிரிமினல் வழக்கும் தனியாக நடக்கும். இதையெல்லாம் கேட்டபிறகு அவர்கள் முடிவெடுக்கட்டும்.

மோதிய வண்டி ஓடிவிட்டால் சில பேர் வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "இன்சூரன்ஸ் இருக்கிற வேற வண்டி ஒண்ணைக் காட்டலாமுங்களா?" கூடவே கூடாது. அது மோசடி வழக்கில் போய் முடியும். அடையாளம் தெரியாத வண்டி என்றால் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 161வது பிரிவில் வழி இருக்கிறது. குறைவுதான், ஆனால் நேரான பணம்.

வருமானத்துக்கு வருவோம். நம் மாவட்டத்தில் அடிபடுகிறவர்களில் நெய்வேலியிலும் சிப்காட்டிலும் நிரந்தர வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. முந்திரி உடைப்பவருக்கு, வலை இழுப்பவருக்கு, சித்தாளுக்கு எதுவும் கிடையாது. ஒரு காய்கறி வியாபாரிக்குச் சீட்டு இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சையத் சாதிக் வழக்கில் எடுத்துக்கொண்டது. மனு எழுதுகிறவர் சோம்பல்படாமல் தேட வேண்டும்: மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, நல வாரிய அட்டை, சுய உதவிக் குழுவில் மாதாமாதம் கட்டிய தவணை, ஏலக்காரரின் கணக்கு நோட்டு. மாதம் 4,000 தவணை தவறாமல் கட்டிய பெண் மாதம் 5,000 சம்பாதித்தார் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வயதிலும் பணம் இருக்கிறது. 38 வயது சுமைதூக்கும் தொழிலாளி இறந்துவிட்டார், மாத வருமானம் 12,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரணய் சேத்தி தீர்ப்புப்படி (2017) எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 16,800. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நாலு பேர். அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 12,600. வருஷத்துக்கு 1,51,200. இந்த வருஷத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; சர்லா வர்மா தீர்ப்பின் (2009) பெருக்கல் எண் 36 முதல் 40 வயது வரை 15. ஆக 22,68,000. அதே மனிதருக்கு 41 வயது என்று ஒரு காகிதம் சொன்னால் உயர்வு 25 சதவீதம், பெருக்கல் எண் 14. தொகை 18,90,000-க்கு இறங்கிவிடும். மூன்று வயதில் 3,78,000 ரூபாய் போகிறது. ஆதாரில் குத்துமதிப்பாக ஜனவரி 1 என்று பிறந்த தேதி போட்டவர்கள் எத்தனையோ பேர். பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது, பள்ளிச் சான்றைப் பார்க்கலாம் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரோஜ் வழக்கில் சொல்லியிருக்கிறது.

காயம் பட்டவருக்கு ஊனச் சதவீதம் வேறொரு பொறி. இடது காலுக்கு 45 சதவீதம் என்று மருத்துவர் எழுதினால் அது காலுக்கு மட்டும். முழு உடம்புக்கு எவ்வளவு, பிழைப்புக்கு எவ்வளவு என்பவை வேறு கேள்விகள். ராஜ்குமார் தீர்ப்பு (2010) பார்க்கச் சொல்வது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். முழங்கால் மடங்காத குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். ஆடுகிற படகில் காலை அகட்டி நின்று வலை இழுக்கிறவருக்குத் தொழிலே போயிற்று. இதைச் சான்றிதழ் சொல்லாது. சாட்சிக் கூண்டில் அவரிடமே, வலை எப்படி இழுப்பீர்கள், எந்தக் காலில் பாரம் விழும் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பல மனுக்களில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை என்பதுதான் வேதனை.

அரசு மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெற்றவருக்கு பில் இருக்காது. அதற்காக ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. கூட இருந்து பார்த்தவர் செலவு, ஆட்டோ வாடகை, சத்துணவு, வேலைக்குப் போகாத மாதங்கள் எல்லாம் தனித்தனித் தலைப்பு.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் தரகர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. வழக்குத் தேடி ஆள் அனுப்புவதையும் தடுக்கிறது. எழுதாத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். கட்டணத்தை முன்னாலேயே பேசி எழுதி வாங்குங்கள்.

அவார்டு, அதாவது தீர்ப்பாயத்தின் இழப்பீட்டுத் தீர்ப்பு வந்து, கம்பெனி தொகையைக் கட்டியபிறகுதான் வீட்டுக்குள் பிரச்சினை தொடங்கும். மாமியாருக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு என்பதைத் தீர்ப்பிலேயே பிரித்துப் போடக் கேட்பது நல்லது. பணம் மனைவியின் தனிப்பட்ட கணக்கில்தான் விழ வேண்டும். கொழுந்தனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம். மைனர் பிள்ளைகளின் பங்கு 18 வயது முடியும்வரை நிரந்தர வைப்பில் இருக்கும். நடுவில் படிப்புக்குத் தேவைப்பட்டால் மதிப்பெண் பட்டியல், சேர்க்கை ஆணை, கல்லூரிக் கட்டணச் சீட்டு மூன்றையும் இணைத்து அதே தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு எடுக்கலாம். கடைசித் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடிவந்தால் உத்தரவும் செக்கும் கைக்கு வராது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே வரச் சொல்லி, அந்தத் தாயின் பாஸ்புக் உறைக்குள் ஒரு சீட்டில் எழுதி வைத்து அனுப்ப வேண்டும்.