ஸ்னாப்சீட் மாஸ்க்: படகு வந்துடுச்சு, கயிறு வரலை

ஸ்னாப்சீட்ங்கிற போட்டோ எடிட்டிங் ஆப்புல ஒரே படத்தோட மூணாவது ராத்திரி. படகு ஒருவழியா இருட்டுல இருந்து வெளிய வந்துடுச்சு. மேல கட்டியிருக்கிற கயிறுங்கதான் இன்னும் உயிரை எடுக்குது.

கடலூர் முதுநகர் துறைமுகத்துல விடியக்காலை எடுத்த படம். உப்பனாத்துக் கரையில நின்னு கிழக்கே பார்த்தா சூரியன் படகுக்குப் பின்னாடி. வானத்துக்கு எக்ஸ்போஷர் வெச்சேன், படகு கரிக்கட்டை ஆயிடுச்சு. மொத்தப் படத்துக்கும் ஷேடோஸ் (இருட்டான பகுதியோட வெளிச்சம்) ஏத்தினா வானம் சாயம் போன லுங்கி. அதனால டியூன் இமேஜ்ங்கிற டூல்ல ஷேடோஸை ஏத்திட்டு, செஞ்ச மாத்தங்களைக் காட்டுற வியூ எடிட்ஸ் போய், அந்த மாத்தத்தை விரலால படகு மேல மட்டும் பூசினேன்; இப்படிப் பூசறதுதான் மாஸ்க். ஷேடோஸ் 60 தாண்டினா புள்ளி புள்ளியா நாய்ஸ் வருது, அதோட நிறுத்திக்கிட்டேன்.

நடுப்பகுதி அஞ்சு நிமிஷ வேலை. ஓரம்தான் ரெண்டு ராத்திரியைத் தின்னுச்சு. பூசற பிரஷ்ஷோட வீரியத்தை 100 வெச்சு ஓரம் வரைக்கும் இழுத்தா, சாமி படத்துல வர்ற ஒளிவட்டம் மாதிரி படகைச் சுத்தி வெளுப்பு. 0 வெச்சு அழிச்சா அதே இடத்துல கறுப்புக் கோடு. கடைசியில 100-ஐ ஓரத்துக்கு ஒரு மயிரிழை உள்ளேயே நிறுத்தி, மிச்சத்தை 50-ல பூசினதும் சரியாச்சு. கண் பட்டனை அமுக்கி சிவப்பு காட்ட விட்டுப் பூசினா எங்கே விட்டுப்போச்சுன்னு தெரியும்; வெளுப்பு தெரியாது. அமுக்கி அமுக்கி எடுக்கணும்.

இந்த ஊர்ப் புழுக்கத்துல விரல் வேர்த்து, டச் தாவுது. முகத்துக்குப் போடற பவுடரை விரல் நுனியில தடவினேன், வெண்ணெய் மாதிரி ஓடுச்சு! லாரன்ஸ் ரோட்டுல 120 ரூபாய்க்கு வாங்கின ஸ்டைலஸ் தண்டம். நுனி பட்டாணி சைஸ், பூசற இடத்தையே மறைக்குது.

புதுச்சேரி மாப்ள காசு கட்டி லைட்ரூம்ங்கிற எடிட்டிங் ஆப் வெச்சிருக்கான். அவனுக்கு அனுப்பினேன். அதுல வானத்தைத் தானாப் பிடிக்கிற செலக்ட் ஸ்கை, கயிறையும் சேர்த்து வானம்னு பிடிச்சிருக்கு. அவன் அதோட வெளிச்ச அளவை வெச்சுப் பிரிக்கிற லூமினன்ஸ் ரேஞ்சை இன்டர்செக்ட் பண்ணி, ரெண்டுலயும் வர்ற வெளிச்சத்தை மட்டும் நிறுத்த, கயிறு தனியா கழண்டுடுச்சு. ஒரே நிமிஷம். வயித்தெரிச்சல்.

நான் கயிறை அடியில 75, அப்புறம் 50, 25-னு இறக்கி, உச்சியில கறுப்பாவே விடறேன். படகுக்காரர் 12x18 பிரின்ட் கேட்டிருக்காரு. அடுத்து புதுச்சேரி போய் மஞ்சச் சுவர்ல பாதி நிழல் விழறதை எடுத்து, நிழல் பக்கத்தை மட்டும் தூக்கிப் பார்க்கணும். நேர் ஓரம், கயிறு கிடையாது.

ஏழுல ரெண்டு கயிறு முடிஞ்சிருக்கு. பவுடர் எங்கே போகுதுன்னு வீட்டுல விசாரணை ஆரம்பிச்சாச்சு.