ரீபோருக்குப் பின் ஸ்டார்ட் ஆகாத ஜீப்

எங்கள் ஜீப் ஒரே இடத்தில் பிறந்த வண்டி அன்று. ஆவணங்களும் சேஸிஸும் ஒரு பழைய மஹிந்திரா சிஜே3பி வண்டியினுடையவை. என்ஜின் நீலகிரியில் ஓர் எஸ்டேட் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்தது. பாடி கோவையில் தகடு வளைத்துப் புதிதாகச் செய்தது. (மாற்றிய என்ஜினின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிய அனுபவம் தனியாக எழுதவேண்டிய அளவுக்கு நீளமானது.) இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்த வண்டி என்ஜின் வேலைக்குப் பின் ஸ்டார்ட் ஆகாமல் நின்றால், "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்று சொல்லி அங்கிருந்து பிழையைத் தேடத் தொடங்க வழியில்லை, ஏனென்றால் இந்தக் கூட்டணியில் அது ஒருநாளும் ஓடியதே இல்லை.

என்ஜின், ஹரிக்கேன் எஃப்-134 என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் வகை. கொள்ளளவு 134 கன அங்குலம், அதாவது 2,199 சிசி. இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வுகள் மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகள் கீழே பிளாக்கிலும் இருக்கும். ரீபோர் (சிலிண்டர் துளையைச் சற்று அகலமாகக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்ட்டைத் தீட்டுவது), ஹெட் ஃபேசிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாக்குவது) ஆகிய எல்லாம் கோவை லேத் பட்டறை ஒன்றில் முடிந்து, அங்கேயே கோத்து, மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு ஏற்றி வந்து, வீட்டுக் கொட்டகையில் வண்டியில் இறக்கினோம்.

முதலில், என்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரே சரியாகச் சுற்றவில்லை. ஒருமுறை முனகிவிட்டு நின்றது. புது பிஸ்டன் ரிங் இறுக்கமாக இருக்கும், பேட்டரி போதவில்லை, பெரிய பேட்டரி வாங்குங்கள் என்பதே பார்க்க வந்தவர்கள் அனைவரின் தீர்ப்பாக இருந்தது. புது ரிங் இறுக்கம் என்பது உண்மைதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. உதவிக்கு வந்த எஸ்டேட் ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் அண்ணன் குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் சோக்கை இழுக்கக் கை வைத்தவர், சட்டென்று விரலை எடுத்துக்கொண்டு, "தம்பி, சோக் கேபிள் சுடுது, தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன், டீ கிளாஸின் சூடு இருந்தது. பேட்டரியின் பிளஸ் ஒயர் வழியாகச் செல்ஃபுக்குப் போகும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம், என்ஜின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு வரும் எர்த் பட்டை வழியாகத்தான் திரும்பவேண்டும். அந்தப் பாதை அடைபட்டால், பிளாக்கையும் பாடியையும் இணைக்கும் மெல்லிய சோக் கேபிளும் ஆக்சிலேட்டர் கம்பியும் அந்தச் சுமையைத் தாங்க முயன்று சூடேறும்.

எர்த் பட்டை இல்லாமல் இல்லை, கண்ணுக்கு அழகாகவே இருந்தது. ஆனால் பெயிண்ட் அடித்தவர்கள் சேஸிஸையும் பிளாக்கையும் பளபளவென்று பூசியிருந்ததால், போல்ட்டின் தலை பெயிண்ட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைப் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால், அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டும்; எங்களுக்கு நான்கைத் தாண்டியது. இரண்டு இடத்திலும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முறுக்கிய பின், அதே பேட்டரியில் செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியது.

சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. அவ்வப்போது கார்புரேட்டர் வழியாக 'பட்' என்று திருப்பி அடித்தது. மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டத்தில் தோன்றும் ஒரே யோசனை, வண்டியைச் சரிவில் உருட்டிவிட்டு கியரைப் போடுவது; அரவேணு பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்று இருவர் தோள் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். நான் ஒப்பவில்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்தால், புது ரிங்குக்கும் புதிதாகக் கடைந்த சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். சைலன்சரில் சேரும் ஆவி வெடித்து மஃப்ளர் பிளப்பதும் உண்டு. அதற்கும் மேலாக, பிரேக் இன்னும் முழுமையாகச் சோதிக்கப்படாத வண்டியை வளைவுச் சாலையில் உருட்டுவது என்ஜின் கோளாறைவிடப் பெரிய கோளாறு.

பிளக்குகளைக் கழற்றினால் நான்கும் பெட்ரோலில் நனைந்திருந்தன; ஆகவே எரிபொருள் வருகிறது. ஒயரோடு பிளக்கைப் பிளாக்கின்மேல் கிடத்திச் சுற்றினால் நீல நிறத்தில் ஸ்பார்க் வந்தது. வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதங்களில் கோத்தகிரி மூடுபனியில் ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் படிவது வழக்கமாதலால் அதையும் துடைத்தோம். அதனுள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பாயிண்ட்டின் இடைவெளி இந்த என்ஜினுக்குரிய 0.020 அங்குலம் சரியாக இருந்தது.

சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தபோதுதான் சற்றுக் கலக்கம் வந்தது. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின, ஆனால் கோவைப் பட்டறையில் எதிர்பார்க்கச் சொன்ன அளவைவிடக் குறைவு. ஹெட்டைத் திரும்பக் கழற்றும் பேச்சு எழுந்தது. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தமே கடல் மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே விகிதத்தில் கேஜின் அளவும் குறையும். ரிங் இன்னும் படியாத என்ஜின் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவில் குறையில்லை. நான்கும் சமமாக இருந்ததே எனக்குப் போதுமான சான்றாக இருந்தது. ஹெட்டைத் தொடவேண்டாம் என்று முடிவு செய்தோம்.

பெட்ரோல் உண்டு, ஸ்பார்க் உண்டு, கம்ப்ரஷன் உண்டு. ஸ்பார்க் எப்போது வருகிறது என்பது மட்டுமே மீதி. இக்னிஷனை அணைத்து, எல்லாப் பிளக்கையும் கழற்றி, முன்பக்கக் கை ஹேண்டிலால் என்ஜினை மெதுவாகச் சுற்றினோம். (ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களின் பக்கமே இருக்கவேண்டும், என்ஜின் திருப்பி உதைத்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் கட்டைவிரல்தான் முதலில் போகும்.) முதல் சிலிண்டரின் பிளக் துளையை அண்ணன் விரலால் அடைத்திருந்தார், காற்று விரலைத் தள்ளியதும் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் என்று உறுதியாயிற்று. மேல் மூடியைத் திறந்து இன்லெட் வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் தளர்வாக இருப்பதையும் பார்த்துக்கொண்டோம். டைமிங் குறியைப் பிஸ்டனின் மேல் முனைக்கு 5 டிகிரி முன்னால் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கினால், உள்ளே சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டரின் முனையை நேராகப் பார்க்கவேண்டும். இந்த என்ஜினின் எரியும் வரிசை 1-3-4-2, மேலிருந்து பார்த்தால் ரோட்டர் இடப்புறமாகச் சுற்றும். எங்கள் ரோட்டரோ ஒன்றைக் கடந்து மூன்றை நோக்கிப் பாதி வழியில் நின்றது. ஸ்பார்க் உரிய நேரத்துக்கு மிக முன்னதாகவே வந்து போயிருக்கிறது. கார்புரேட்டர் வழியாகத் திருப்பி அடித்ததன் காரணமும் அதுவே.

ஒயர்களை ஒரு முனை தள்ளி மாட்டினால் கால் சுற்று மாறும், பாதி வழிப் பிழைக்கு அது உதவாது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்யவோ கிளாம்ப்பில் அத்தனை இடமில்லை. பிழை அதற்கும் கீழே இருந்தது. இந்த என்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் நேராகச் சுழற்றுவது ஆயில் பம்பைத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து, பம்ப் ஷாஃப்ட்டின் தலையிலுள்ள பள்ளத்தில் நாக்கைச் செருகிக்கொண்டு சுழல்கிறது. அந்தப் பள்ளம் நடுவில் இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே விதமாகத்தான் அமரும். ஆகவே பம்பைப் பூட்டும்போது அதன் கியரில் பல் தவறினால் டைமிங் முழுதும் தவறும். ஆனால் பம்ப் எண்ணெயை வழக்கம்போலவே தள்ளும், ஆயில் கேஜைப் பார்த்து யாரும் சந்தேகப்பட முடியாது. என்ஜினைக் கோத்தவர்கள் நாள்தோறும் டீசல் ஜீப் என்ஜின்களைக் கோப்பவர்கள். டீசலில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது என்பதால், இந்தப் பம்பை எந்த நிலையில் உட்காரவைப்பது என்ற கேள்வியே அவர்களுக்கு எழுந்திருக்காது.

கிராங்க்கை நகர்த்தாமல் டிஸ்ட்ரிபியூட்டரை உருவி, பம்பைக் கழற்றி, கியரைப் பல் மாற்றி உள்ளே விட்டோம். சாய்வான பல் ஆதலால் பம்ப் உள்ளே ஏறும்போதே ஷாஃப்ட் சற்றுத் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்தையும் கணக்கில் வைத்துத் தொடக்க நிலையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அண்ணன் கண்ணாடியைத் துடைத்து, டார்ச் பிடித்துத் துளை வழியே பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து இதைச் செய்தார். பொறுமை தேவைப்பட்ட வேலை இது ஒன்றே. கழற்றிய பம்பில் எண்ணெய் நிரப்பிப் பூட்டினோம். பிறகு 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாயிண்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, 5 டிகிரிக் குறியில் பாயிண்ட் திறந்து பல்பு எரியும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கினோம்.

பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் கேஜ் முள் எழுந்ததைப் பார்த்த பின், காய்ந்த பிளக்குகளை மாட்டினோம். பாதிச் சோக்கில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சூடேறி ஆறிய பின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வுகளின் டாப்பெட் இடைவெளியைச் சரிபார்த்தோம், இன்லெட்டுக்கு 0.018, எக்ஸாஸ்ட்டுக்கு 0.016 அங்குலம். மின்சாரம் ஓடி உறை கருகிய சோக் கேபிளை மாற்றியாயிற்று. கார்புரேட்டரை இந்த உயரத்துக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பதால், மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஐட்லிங் ஸ்க்ரூவைச் சற்றுத் திறக்கவேண்டியிருக்கிறது.