12 வாரம், 6 கட்டில்: பிள்ளைகளை வைத்து 'அன்னி' போட்ட அனுபவம்

எங்கள் சிறுவர் நாடகக் குழு இந்த முறை 'அன்னி' என்ற அமெரிக்க இசை நாடகத்தை (அனாதை விடுதியில் வளரும் அன்னி என்ற சிறுமியின் கதை) போடுவது என்று முடிவானதும், மேடை நிர்வாகத்துக்கு யாராவது வர முடியுமா என்று பெற்றோரிடம் கேட்டார்கள். நான் வருகிறேன் என்றேன். 8 வயதிலிருந்து 15 வயது வரை 38 பிள்ளைகள், 12 வாரம் ஒத்திகை, 4 முறை மேடையேற்றம். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, நினைவில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம் உரிமம். நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 1977இல் வந்த முழு நாடகம் இரண்டு அங்கம், இரண்டரை மணி நேரம் போகும். பிள்ளைகளுக்கென்று சுருக்கிய 'ஜூனியர்' வடிவம் தனியாக இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம்தான், பாட்டுகளின் சுருதியும் சின்னக் குரலுக்கு ஏற்ற மாதிரி இருக்கும். நாங்கள் எடுத்தது அதைத்தான். உரிமம் வாங்கிவிட்டால் வசனப் புத்தகம், இசைக் குறிப்பு, பாடகர் இல்லாத பின்னணி இசை எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் வசனத்தில் ஒரு வரியைக்கூட நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, வீடியோ எடுப்பதற்கான அனுமதியும் தனி. இதை முதல் கூட்டத்திலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் தாத்தா பாட்டிக்கு அனுப்ப வேண்டும் என்று காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

அப்புறம் யாருக்கு எந்தப் பாத்திரம் என்ற தேர்வு. என் மகளுக்கு 11 வயது. அன்னி பாத்திரம்தான் வேண்டும் என்று ஒரு மாதம் குளியலறையிலும் மாடிப்படியிலும் பாடிக்கொண்டே இருந்தாள். பட்டியல் ராத்திரி 9 மணிக்கு மின்னஞ்சலில் வந்தது. அவள் பெயர் 'அனாதைச் சிறுமிகள்' வரிசையில், வசனம் ஒன்றே ஒன்று. படித்தாள், ஒன்றும் பேசாமல் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். (பட்டியலைத் தூங்கப் போகும் நேரத்தில் அனுப்பாதீர்கள். பள்ளி இல்லாத நாளில், காலையில் அனுப்புங்கள். அழுது முடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும்.)

மறுநாள் ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த நாடகத்தின் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். 1976இல், பிராட்வேக்குப் போவதற்கு முன்னால், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குட்ஸ்பீட் ஓபரா ஹவுஸ் என்ற அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியது. கொஞ்ச நாளிலேயே அன்னியாக நடித்த சிறுமியை மாற்றிவிட்டு, அனாதைச் சிறுமிகளில் ஒருத்தியாக நின்ற ஆண்ட்ரியா மெக்கார்டிலை அந்த இடத்தில் போட்டார்கள், அவர்தான் பிறகு பிராட்வேயிலும் அன்னி. மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த முதல் பொண்ணு அன்னைக்கு ராத்திரி என்னம்மா பண்ணியிருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு வாயடைத்துவிட்டது. இன்னொரு பிள்ளையின் இழப்பை எடுத்து இவளுக்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு 'உனக்கும் ஒரு நாள் வரும்' என்ற பேச்சையே எடுக்கவில்லை, இருக்கிற இடத்தில் என்ன வேலை இருக்கிறது என்று மட்டும் பார்ப்போம் என்றேன்.

வேலை நிறைய இருந்தது. கதை 1933இல், பொருளாதார நெருக்கடிக் காலத்து நியூயார்க்கில் நடக்கிறது. தொடக்கத்திலேயே அனாதை விடுதியில் பிள்ளைகள் தரை துடைத்துக்கொண்டு பாடும் பாட்டு வரும். தகர வாளிகளைக் கொடுத்தோம். 14 பேர் ஒரே நேரத்தில் வாளியைத் தரையில் வைத்தபோது பின்னணி இசையே காதில் விழவில்லை. அடிப்பாகத்தில் தடித்த ரப்பர் துண்டு ஒட்டியதும் சத்தம் 'டம்' என்று அளவாக வந்தது, தாளத்துக்கும் பொருந்தியது.

பின்னணி இசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பியானோ வாசிப்பவர் என்றால் பிள்ளை மூச்சு வாங்கினால் அரை நொடி காத்திருப்பார். பதிவு செய்த இசை யாருக்கும் நிற்காது. ஒரு குழந்தை இரண்டு வசனத்தை விட்டுவிட்டால் அதன்பிறகு வருகிற இசை மொத்தமும் தவறான இடத்தில் வரும். நாங்கள் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: தவறவிட்டால் ஓடிப் பிடிக்காதே, வாயை மூடிக் கேள், அடுத்த அடியின் முதல் சொல்லில் எல்லோரும் சேர்ந்து நுழையுங்கள். இதையே தனியாக ஒரு நாள் பயிற்சி செய்தோம், இசையை வேண்டுமென்றே நடுவில் இருந்து ஓடவிட்டு. இரண்டாம் நாள் காட்சியில் இது எங்களைக் காப்பாற்றியது, பார்த்தவர்களுக்குத் தெரியவே இல்லை.

மைக் 12தான், பேசுகிற பிள்ளைகள் 19 பேர். யாரிடமிருந்து யாருக்கு எப்போது மாறுகிறது என்று பெரிய தாளில் எழுதி சைடு விங்கில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) ஒட்டினோம். கன்னத்தில் ஒட்டும்போது முதலில் வியர்வையையும் பவுடரையும் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பத்து நிமிஷத்தில் பிளாஸ்திரி உரிந்து மைக் தாடைக்கு வந்துவிடும். ஒவ்வொரு மேடையேற்றத்துக்கும் புது பேட்டரி, இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கதையில் அன்னியோடு சேரும் நாய்க்கு நிஜ நாயையே வைத்தோம், தன்னார்வலர் ஒருவர் வளர்க்கும் சாதுவான நாய். முதன்முதலில் பிராட்வேயில் நடித்த நாயே விலங்குக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்து பழக்கியதுதான். எங்கள் அன்னி மூன்று வாரம் தினமும் அதற்குத் தானே சாப்பாடு கொடுத்தாள், நடத்திக் கூட்டிப் போனாள். மேடையில் அவள் கூப்பிடும்போது, அவள் பாக்கெட்டில் இருக்கும் பிஸ்கட் துண்டை முகர்ந்துகொண்டே நேராக அவள் முழங்காலில் வந்து முட்டி நிற்கும், அப்போது அரங்கமே 'ஆ' என்று ஒரு மூச்சு விடும்.

இனி கட்டில். எனக்கு எல்லாவற்றையும்விட மனதில் நிற்பது இதுதான். விடுதிக் காட்சி முடிந்ததும் 6 கட்டிலும் வெளியே போய் அந்த இடம் தெருவாக வேண்டும். முதல் முறை 47 வினாடி. இருட்டில் 47 வினாடி சும்மா உட்கார்ந்து பாருங்கள், கூட்டம் பேச ஆரம்பித்துவிடும். கறுப்பு உடையில் பெரியவர்களை விட்டு இழுக்கலாமா என்று யோசித்தோம். இயக்குநர் வேண்டாம் என்றார், விடுதிப் பிள்ளைகள் தங்கள் கட்டிலைத் தாங்களே இழுத்துப் போகட்டும், முணுமுணுத்துக்கொண்டே, பாத்திரத்திலிருந்து வெளியே வராமல். கட்டிலுக்கு இரண்டு பேர். முன்னால் இருப்பவள் பின்னோக்கி நடக்கிறாள், அதனால் அவளுக்குக் கண் பின்னால் தள்ளுகிறவள்தான். சக்கரத்தின் பூட்டைக் காலால் விடுவிப்பதும் பின்னால் இருப்பவள் வேலை.

என் மகள் மூன்றாம் கட்டிலின் பின்பக்கம். மூன்று ஒத்திகை போன பிறகு ஒரு நாள் சாப்பிடும்போது தாளில் ஆறு பெட்டி வரைந்து என்னிடம் நீட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போவதால்தான் சிக்குகிறது, வழிக்குப் பக்கத்தில் இருப்பது மூன்றுதான், அது முதலில் போனால் மற்றதெல்லாம் திரும்புவதற்கு இடம் கிடைக்கும் என்றாள். அடுத்த நாள் அப்படியே செய்து பார்த்தோம், 22 வினாடி. சக்கரங்களை ரப்பருக்கு மாற்றியதும் 14. தரையில் இருட்டில் ஒளிரும் நாடா ஒட்டியதும் 11. அதற்குப் பிறகு ஸ்டாப்வாட்ச் இல்லாமல் என்னை ஒத்திகைக்குள் விடவே மாட்டார்கள், சின்னதுகள் எல்லாம் ஓடி வந்து எண்ணைக் கேட்கும். எங்கள் அன்னியும்தான், அவள் முதல் கட்டில்.

நாடக வாரத்தின் முதல் இரண்டு நாள் விளக்கும் ஒலியும் சேர்க்கும் ஒத்திகை. நடிப்பே கிடையாது, விளக்கோ ஒலியோ மாறச் சொல்லும் ஒவ்வொரு குறிப்பிலும் நிறுத்தி நிறுத்திப் போவோம். பிள்ளைகளுக்கு இது பயங்கர அலுப்பு. கதைப் புத்தகமும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வரச் சொல்லுங்கள், அந்த இரண்டு நாளும் முழுக் குரலில் பாடவும் விடாதீர்கள், தொண்டை வெள்ளிக்கிழமை மேடையேற்றத்துக்கு வேண்டும்.

கடைசி மேடையேற்றம். விடுதியில் விளக்கு அணைந்தது, ஹெட்செட்டில் குறிப்பைச் சொல்லிவிட்டு ஸ்டாப்வாட்சின் பொத்தானை அழுத்தினேன். இருட்டில் சக்கரங்கள் உருளும் சத்தம், "என் காலு, என் காலு" என்று பாத்திரத்துக்குள்ளேயே ஒரு முணுமுணுப்பு, கூட்டத்தில் சின்னச் சிரிப்பு, மூன்றாம் கட்டில் என் முழங்கையை உரசிக்கொண்டு உள்ளே வந்து நின்றது. தெரு விளக்கு எரிந்தது. மகள் மூச்சு வாங்கிக்கொண்டே பூட்டைக் காலால் அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள், பேசக் கூடாது என்பதால் புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

ஸ்டாப்வாட்சை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். 9.

கட்டிலின் கம்பியைப் பிடித்தபடியே இரண்டு குதி குதித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு வாளியைத் தேடி ஓடினாள்.