திருப்பிக் கொடுக்காத புத்தகம்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலர்க்குழு நண்பர் தொலைபேசியில் பிடித்துவிட்டார். "பிக் மேட்ச், பரிசளிப்பு விழா, அடிவாங்கின கதை எல்லாம் மற்ற ஆக்கள் எழுதிப்போட்டினம். நீர் புத்தகம் வாசிக்கிற ஆள், அதைப் பற்றி ஏதும் எழுதும்" என்றார். சரி என்றேன். எழுதத் தொடங்கினால் பத்தாம் வகுப்புச் சமய பாடத்தில் போய் நிற்கிறது.

2021 இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்'. இங்கே கனடாவில், ஸ்காபரோ நூலகத்தில் எடுத்தேன். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொழும்பில் இருக்கும் கிரிஷனின் அப்பம்மாவைப் பார்த்துக்கொண்டவள் ராணி. அவள் ஊருக்குப் போன இடத்தில் கிணற்றுக்குள் விழுந்து இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. கிரிஷன் செத்தவீட்டுக்கு ரயில் ஏறுகிறான். ராணி இரண்டு மகன்களையும் போரில் இழந்தவள். மின்னதிர்ச்சி வைத்தியம்வரை போய்வந்தவள். இன்னொரு பக்கம், டில்லியில் அவனை விட்டுப் போன அஞ்சும் என்ற பெண்ணிடமிருந்து பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மின்னஞ்சல். உரையாடலே கிடையாது, வசனம் ஒன்று தொடங்கினால் பக்கம் திருப்பித்தான் முற்றுப்புள்ளியைப் பார்க்கலாம். டில்லிக் காதல் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. வயசாகிவிட்டது போல.

ஆனால் நடுவில் ஓரிடத்தில் பூசலார் நாயனார் வந்தார். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

உங்களுக்கும் நினைவிருக்கும். திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், கையில் காசில்லை. மனதுக்குள்ளேயே நாள் பார்த்து, அத்திவாரம் போட்டு, தூபி நட்டு, கிணறும் வெட்டி, குளமும் தோண்டிக் கட்டி முடித்தார். காஞ்சியில் அரசன் கல்லால் கட்டிய கோயிலுக்கும் அதே நாளில் குடமுழுக்கு. இறைவன் கனவில் வந்து, 'நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் நாளை மாற்றிவை' என்கிறார். இதைச் சேர் படிப்பித்த அன்று, எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எழும்பி, "சேர், கல்லும் இல்லை, சீமெந்தும் இல்லை. பிறகு ஏன் கும்பாபிசேகம்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. "இரும். இப்ப உமக்கு விளங்காது" என்றார். எனக்கும் விளங்கவில்லை. ஐந்து புள்ளிக் கேள்வி என்று பாடமாக்கி வைத்ததோடு சரி.

கிரிஷன் செய்ததும் பூசலார் வேலைதான். கடைசிப் போர் நடந்த இடங்களின் படங்களையும் சாட்சியங்களையும் இணையத்தில் இரவிரவாகத் தேடி, தான் இல்லாத இடத்தில் செத்தவர்களுக்கு மனதுக்குள் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறான். தூரத்தில் பத்திரமாக இருந்தவனுக்கே அப்படியென்றால், 1988 இல் விமானம் ஏறின நான் என்ன சொல்ல?

கேள்வி கேட்டவனின் பெயரை நான் எழுதவில்லை. எங்கள் பிரிவில் படித்தவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவான். 1981 மே 31 இரவு நூலகத்துக்கு நெருப்பு வைத்தபோது தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் எரிந்தன. ஒன்று மட்டும் அவன் வீட்டு மேசையில் இருந்தது. மாஸ்கோவில் அச்சடித்த ருஷ்யக் கதைத் தொகுதி, வழுவழுத்த தாள். பின் அட்டையில் ஒட்டிய தாளில் ஊதா மையில் கடைசி முத்திரை, ஜூன் 1981. திருப்பிக் கொடுக்கிற திகதி வந்தபோது கொடுக்க இடம் இல்லை. அவனுக்குப் பதினொரு வயது. குற்றப்பணம் போடுவார்களா என்று மாதக்கணக்காகப் பயந்தானாம்.

வி. வி. கணேஷானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நாவலும் அந்த யாழ்ப்பாணத்தில்தான் தொடங்குகிறது. 2024 இல் பெண்கள் புனைவுப் பரிசு பெற்றது. சுடுநீர் கொட்டி அலறும் சசி என்ற பெண்பிள்ளைக்கு, சைக்கிளில் போன பையன் ஓடிவந்து முட்டை வெள்ளைக்கருவை ஊற்றிவிடுகிறான். அவன் பிறகு ஆயுதம் தூக்கிய இயக்கத்துக்குப் போகிறான். அந்தப் பக்கத்தில் சைக்கிள் என்ற சொல்லைத் தாண்ட எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

எங்கள் ஆள் போனது 1986 இல். ரியூசன் வாசலில் அவனுடைய சைக்கிள் இரண்டு நாள் பூட்டாமல் நின்றது. அதற்குக் கொஞ்சம் முந்தித்தான் அந்த ருஷ்யப் புத்தகத்தை எனக்குத் தந்திருந்தான். "வாசிச்சிட்டுத் தா, லைபிரரி புத்தகம்" என்று கண்டிப்பாகச் சொல்லித் தந்தான். அதைத் தவிர அவனிடமிருந்து எனக்கு எதுவும் இல்லை. வகுப்புப் படம் எடுத்த அன்று அவனுக்குக் காய்ச்சல்.

புத்தகத்தை வீட்டு அலுமாரியில் விட்டுவிட்டு வந்தேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரில் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது, அம்மா காணி உறுதியையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு போனா. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருந்தது, அலுமாரி இல்லை.

கடைசியாக ஊருக்குப் போனபோது யாழ்தேவி ரயிலில் போனேன். கிளிநொச்சியில் நின்றபோது, ராணியின் ஊருக்கு எந்தப் பக்கத்தால் போவது என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் இறங்கி மறுநாள் நூலகத்துக்கும் போனேன். பளிச்சென்று வெள்ளையாக நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மேசையடியில் நின்றேன். அங்கே இருந்த பிள்ளை நிமிர்ந்து, "ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா பாக்க வந்தனான்" என்றேன்.